ஒரு கண்ணை மூடிப் பாருங்கள்: கைக்குழந்தை முதல் தாத்தா வரை வீட்டில் எல்லோர் கண்ணையும் காக்க ஒரு முழு வழிகாட்டி

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பங்குனி மாதம், பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர் வீட்டு வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்தோம். ஓட்டுத் தூள் ஒன்று தெறித்து அப்பாவின் வலது கண்ணில் விழுந்தது. உள்ளங்கையால் அந்தக் கண்ணைப் பொத்திக்கொண்டு எழுந்தவர், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போகாமல் வாசல் நடுவிலேயே நின்றுவிட்டார். "கண்ணு, மோடம் போட்டிருக்குதா?" என்று என்னைக் கேட்டார். அப்போது மணி பன்னிரண்டு, வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

தூள் கழுவினதும் போய்விட்டது. ஆனால் அவருடைய இடது கண்ணில் ஓரமாகக் கொஞ்சம் வெளிச்சம் தவிர வேறு எதுவும் தெரியவில்லை என்பது அன்றைக்குத்தான் எங்களுக்கும் அவருக்கும் தெரிந்தது. வலித்ததில்லை, சிவந்ததில்லை, தண்ணீர் வடிந்ததில்லை. அதற்கு முந்தின நாள்கூட டிவிஎஸ் எக்ஸெல்லில் தக்காளிப் பெட்டி கட்டிக்கொண்டு மண்டிக்குப் போய் வந்தவர் அவர். டாக்டர் பார்த்துவிட்டு கிளாக்கோமா, அதாவது கண் நீர் அழுத்த நோய் என்றார். போன பார்வை திரும்ப வராது, மிச்சம் இருக்கிறதைக் காப்பாற்றலாம் என்றார்.

இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது, நல்ல கண் கெட்ட கண்ணின் வேலையையும் சேர்த்துச் செய்துவிடும். அதனால் "எனக்கு நல்லாத்தான் தெரியுது" என்று ஒருவர் சொன்னால், அது ஒரு கண்ணைப் பற்றித்தான் உறுதி. வலி இல்லை என்பதும் கணக்கில் வராது, பார்வையைப் பறிக்கிற பெரிய நோய்களில் பாதிக்கு மேல் வலிப்பதே இல்லை. இந்த இரண்டும் முன்பே தெரிந்திருந்தால் அப்பாவின் இடது கண்ணைக் காப்பாற்றியிருக்கலாம். அதற்குப் பிறகு நாங்கள் வீட்டில் ஒவ்வொருவருக்கும் என்னென்ன செய்தோம், டாக்டர்களிடமும் நர்ஸ்களிடமும் கேட்டுக் கேட்டு என்ன தெரிந்துகொண்டோம் என்பதை வரிசையாக எழுதுகிறேன்.

முதல் படி: இன்றைக்கே வீட்டில் பாருங்கள்

இதற்கு தினத்தாள் காலண்டர் ஒன்று போதும். நல்ல பகல் வெளிச்சத்தில், பார்ப்பவரின் கண் உயரத்துக்கு அதை மாட்டுங்கள். பத்தடி தள்ளி நிற்க வையுங்கள். கண்ணாடி போடுகிறவர் கண்ணாடியோடே பார்க்கட்டும். உள்ளங்கையைக் குழிவாக வைத்து ஒரு கண்ணை மூட வேண்டும். விரலால் மூடினால் இடுக்கில் பார்ப்பார்கள், அழுத்தி மூடினால் எடுத்த பிறகு கொஞ்ச நேரம் அந்தக் கண் மங்கலாகத்தான் தெரியும். தேதி எண் எல்லோருக்கும் தெரியும், அதைக் கேட்காதீர்கள். அதற்குக் கீழே கிழமை, நட்சத்திரம், ராகுகாலம் என்று எழுத்து சிறிதாகிக்கொண்டே போகுமே, எந்த வரி வரைக்கும் படிக்க முடிகிறது என்று வலது கண்ணுக்கு ஒன்று, இடது கண்ணுக்கு ஒன்று தனித்தனியாகக் குறித்து வையுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு எண்களை மட்டும் கேட்கலாம், அதுவும் முடியாவிட்டால் காலண்டரில் இருக்கிற சாமி படத்தில் நகை, பூ, வேல் என்று சின்னச் சின்னதாக எதையாவது கேளுங்கள்.

இது பவர் பார்க்கிற சோதனை இல்லை. இரண்டு கண்ணுக்கும் வித்தியாசம் இருக்கிறதா, ஆறு மாதத்துக்கு முன்னால் படித்த வரியை இப்போது படிக்க முடிகிறதா என்பதற்கு மட்டும்தான். வித்தியாசம் இருந்தால் கண் டாக்டரிடம் போக வேண்டும், அவ்வளவுதான். வித்தியாசம் இல்லை என்பதற்காக நோய் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏனென்றால் கிளாக்கோமாவில் நடுப்பார்வை கடைசி வரை நன்றாக இருக்கும், ஓரப் பார்வைதான் முதலில் போகும்.

கூடவே இன்னொன்று செய்யுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். நேராக இருக்கிற கம்பி வளைந்தோ, நடுவில் அறுந்தோ தெரிந்தால், கண்ணுக்குள் பின்பக்கம் காட்சி விழுகிற விழித்திரையின் நடுப்பகுதியில் கோளாறு இருக்கலாம். இது அறுபது வயது தாண்டியவர்களுக்கும் சுகர்காரர்களுக்கும் முக்கியம். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். தேதி, வலது, இடது, டாக்டர் என்ன சொன்னார், என்ன சொட்டு மருந்து, அடுத்து எப்போது வரச் சொன்னார். எங்கள் வீட்டில் அந்த நோட்டு ரேஷன் கார்டோடு இருக்கிறது.

கைக்குழந்தையும் பால்வாடிப் பிள்ளையும்

குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், இதில் நாள் கணக்கு உண்டு. 34 வாரத்துக்கு முன்னால் பிறந்த குழந்தைக்கும், பிறக்கும்போது 2 கிலோவுக்குக் குறைவாக இருந்த குழந்தைக்கும், பிறந்து 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்தாக வேண்டும். ரொம்பவும் முன்கூட்டிப் பிறந்ததற்கு இன்னும் சீக்கிரம், இரண்டு மூன்று வாரத்திலேயே. விழித்திரை ரத்தக்குழாய்கள் முழுசாக வளர்வதற்குள் குழந்தை வெளியே வந்துவிடுவதால் அவை தாறுமாறாக வளர ஆரம்பிக்கும். சரியான வாரத்தில் லேசரோ ஊசியோ போட்டால் பார்வை தப்பிக்கும், ஒரு மாதம் தள்ளிப் போனால் பல குழந்தைகளுக்கு வழியே இல்லாமல் போகிறது. இன்குபேட்டரில் இருந்து வீட்டுக்கு வருகிற சந்தோஷத்தில் இது விட்டுப்போகும். டிஸ்சார்ஜ் சீட்டில் கண் பரிசோதனைத் தேதி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள்.

நிறைமாதக் குழந்தை மூன்று மாதத்துக்குள் அம்மா முகத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், ஆட்டுகிற கிலுகிலுப்பையைக் கண்ணால் தொடர வேண்டும். கண்மணி கறுப்பாக இல்லாமல் வெள்ளையாகத் தெரிந்தாலோ, போனில் ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண் மட்டும் வெள்ளையாக மின்னினாலோ அந்த வாரமே காட்டுங்கள். பிறவிக் கண்புரையாக இருக்கலாம், அபூர்வமாகக் கண் புற்றாகவும் இருக்கலாம். இரண்டிலும் சீக்கிரம் போனவர்களுக்குத்தான் பலன்.

மாறுகண் அதிர்ஷ்டம் என்று நம் பக்கம் சொல்வார்கள். அந்தப் பேச்சைத் தயவுசெய்து காதில் வாங்காதீர்கள். நான்கு மாதம் தாண்டியும் கண் ஓரமாக ஒதுங்கியே இருந்தால், மூளை அந்தக் கண்ணில் வருகிற காட்சியை ஒதுக்கிவிடப் பழகிக்கொள்ளும். கண் நன்றாகவே இருக்கும், பார்வை மட்டும் வளராது. இதைச் சோம்பேறிக் கண் என்கிறார்கள். கண்ணாடியும், நல்ல கண்ணை மூடி வைக்கிற சிகிச்சையும் ஏழெட்டு வயதுக்குள் செய்தால் நன்றாகப் பலிக்கும், அதற்குப் பிறகு பலன் குறைந்துகொண்டே போகும். கல்யாணத்துக்கு முன்னால் ஆப்பரேஷன் செய்துகொள்ளலாம் என்று இருபது வயது வரைக்கும் காத்திருந்தால், கண் நேராகும், பார்வை வராது.

வைட்டமின் ஏ சொட்டு மருந்து 9 மாதத்தில் முதல் தடவை, 16 முதல் 18 மாதத்துக்குள் இரண்டாவது, அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒன்று என்று 5 வயது வரை மொத்தம் 9 தவணை. அங்கன்வாடியிலும் சுகாதார நிலையத்திலும் காசில்லாமல் கொடுப்பார்கள். சாயங்காலம் ஆனதும் பிள்ளை தடுமாறினால் அது மாலைக்கண், உடனே காட்ட வேண்டும்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் அக்கா மகளையும் மாமன் மகளையும் கட்டுவது இன்னும் வழக்கத்தில் இருக்கிறது. ரத்த உறவில் கட்டிய எல்லோர் பிள்ளைக்கும் கோளாறு வரும் என்றில்லை. ஆனால் விழித்திரை மெதுவாகக் கெட்டுக்கொண்டே போகிற சில பரம்பரை நோய்கள் அப்படிப்பட்ட குடும்பங்களில் கூடுதலாக வருகின்றன. சின்ன வயதிலேயே ராத்திரியில் தெரியாமல் போவதுதான் பெரும்பாலும் முதல் அறிகுறி. குடும்பத்தில் ஒருவருக்கு அப்படி இருந்தால் எல்லாப் பிள்ளைகளையும் ஒரு தடவை விழித்திரை டாக்டரிடம் காட்டிவிடுங்கள், அடுத்த சம்பந்தம் பேசுவதற்கு முன்னாலும் டாக்டரிடம் பேசுங்கள்.

பள்ளிக்கூடம் போகிற பிள்ளை

பிள்ளை "எனக்கு மங்கலாத் தெரியுது" என்று சொல்லாது, எல்லோருக்கும் இப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கும். என் மகள் நான்காம் வகுப்பில் கணக்கில் மார்க் குறைந்தபோது டியூஷன் வைத்தேன். போர்டில் எழுதின 3 அவளுக்கு 8 மாதிரி தெரிந்திருக்கிறது. டிவிக்குப் பக்கத்தில் போய் உட்காருவது, கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது, தலையைச் சாய்த்துப் படிப்பது, அடிக்கடி கண்ணைக் கசக்குவது, பக்கத்துப் பிள்ளை நோட்டைப் பார்த்து எழுதுவது, இதில் ஒன்று இருந்தாலும் கண்ணைக் காட்டுங்கள். அரசுப் பள்ளிகளில் கண்ணொளி காப்போம் திட்டத்தில் பரிசோதித்து இலவசமாகக் கண்ணாடி தருகிறார்கள். அன்றைக்குப் பிள்ளை லீவு போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடி போட்டால் பவர் ஏறும் என்பது தப்பு. பிள்ளை வளர வளரக் கண்ணும் வளர்வதால் பவர் ஏறுகிறது, கண்ணாடி போடாமல் இருந்தாலும் அது ஏறத்தான் செய்யும், கூடவே படிப்பும் கெடும். பெண் பிள்ளை என்றால் "பொண்ணு பார்க்க வர்றப்ப சொல்லுவாங்க" என்று பெட்டியில் வைத்துவிடுகிற வீடுகள் எனக்குத் தெரியும். பத்து வயதுப் பிள்ளையின் பார்வையைவிட அதன் கல்யாணப் பேச்சு முக்கியமில்லை. ஊரில் யாராவது சொன்னால் அம்மாவும் அப்பாவும்தான் எதிரில் நின்று பதில் சொல்ல வேண்டும், பிள்ளையைப் பதில் சொல்ல விடக் கூடாது.

கிட்டப்பார்வை வராமல் தள்ளிப்போட, இன்றைக்கு நன்றாக நிரூபிக்கப்பட்ட வழி வெளியே விளையாடுவது. ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் பகல் வெளிச்சத்தில் இருக்கிற பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது. காட்டிலும் மேட்டிலும் ஓடுகிற நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது தானாகவே கிடைத்துக்கொண்டிருந்தது, போன் வந்த பிறகு போய்விட்டது. இரண்டு வயது வரை போன் வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பெரிய பிள்ளைகள் படிக்கும்போது 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை, 20 அடி தள்ளி இருக்கிற எதையாவது 20 விநாடி பார்க்கட்டும். எதிர்வீட்டுப் புளியமரம் போதும்.

காட்டு வேலை, கம்பெனி வேலை

எங்கள் மாவட்டங்களில் கண் போவதற்கு ஒரு பெரிய காரணம் அடிபடுவது. ஆனால் வழிகாட்டி என்று எழுதுகிறவர்கள் கேரட்டையும் போனையும் பற்றியே எழுதுகிறார்கள். அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

எங்கள் பக்கத்துக் காட்டுக்காரர் ஒருவருக்குக் கரும்பு வெட்டும்போது சோகை கண்ணில் கீறிவிட்டது. லேசான உறுத்தல்தான். மெடிக்கலில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொண்டார். இரண்டு நாளில் சிவப்பு குறைந்தது, வலியும் குறைந்தது, "நல்ல மருந்து" என்று சந்தோஷப்பட்டார். ஐந்தாம் நாள் கருவிழியில் அரிசி நொய் அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. பத்தாம் நாள் வலி தாங்காமல் போனபோது கருவிழி முழுக்கப் புண். இலை, சோகை, நெல் பதர், மாட்டு வால் என்று காட்டுப் பொருள் எது கீறினாலும் அதோடு பூஞ்சைக் காளான் உள்ளே போகலாம். அந்தச் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்திருக்கிறது. ஸ்டீராய்டு சிவப்பையும் வலியையும் அடக்கும், காளானைச் செழிக்க விடும். பெட்டியில் டெக்சாமெத்தசோன், பிரட்னிசோலோன், பீட்டாமெத்தசோன், இந்தப் பெயர்களில் ஒன்று இருந்தால் கண் டாக்டர் எழுதித் தராமல் ஒரு சொட்டுகூட விடாதீர்கள். மாதக்கணக்கில் இதையே விட்டுக்கொண்டிருந்தால் கண்புரையும் கிளாக்கோமாவும்கூட வரும்.

கண்ணில் ஏதாவது கீறினால் சுத்தமான தண்ணீரில் கழுவிவிட்டு, மறுநாளுக்குள் கண் டாக்டரைப் பாருங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு, கோழி ரத்தம், எதுவும் வேண்டாம். நாக்கால் தூசி எடுக்கிற பாட்டிமார் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள், அன்பாகத்தான் செய்கிறார்கள். ஆனால் வாயில் இருக்கிற கிருமி கீறல் விழுந்த கருவிழிக்குள் போவதற்கு அதைவிட நேர்வழி இல்லை. தீக்குச்சி, சேலை முந்தானை நுனி, இவையும் வேண்டாம்.

பூச்சி மருந்து, சுண்ணாம்பு, எருக்கம்பால், கள்ளிப்பால், பறிக்கும்போது காம்பிலிருந்து பீச்சுகிற மாங்காய்ப் பால், பேட்டரி ஆசிட், இவற்றில் எது தெறித்தாலும் முதல் வைத்தியம் தண்ணீர்தான், அதுவும் அந்த இடத்திலேயே. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முன்னால் 20 முதல் 30 நிமிஷம் ஓடுகிற தண்ணீரில் இமையை விரித்துப் பிடித்துக் கழுவுங்கள். மோட்டார் குழாயாக இருந்தால் தண்ணீர் வேகமாக நேராக அடிக்காமல், குடத்தில் பிடித்து மூக்குப் பக்கத்திலிருந்து காதுப் பக்கமாக ஊற்றுங்கள். பார்வை தப்பிப்பது அந்த அரை மணி நேரத்தில்தான் இருக்கிறது. சுண்ணாம்பு எல்லாவற்றையும்விடக் கெட்டது. வெற்றிலைக்கு வாங்கி வைத்திருக்கிற பாக்கெட்டைப் பிள்ளை கையில் வைத்து அமுக்க, அது வெடித்து இரண்டு கண்ணிலும் அடிக்கிறது. பாட்டியின் சுண்ணாம்பை மூடி போட்ட டப்பாவில் மாற்றி, பிள்ளைக்கு எட்டாத மாடத்தில் இன்றைக்கே வையுங்கள். சுண்ணாம்புக் கட்டி இமைக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும், கழுவிய பிறகும் டாக்டர் இமையைப் புரட்டி எடுத்தாக வேண்டும்.

என் வீட்டுக்காரர் ஓசூரில் ஃபேப்ரிகேஷன் வேலை. ஒரு நாள் பக்கத்தில் வெல்டிங் நடக்கும்போது கண்ணாடி இல்லாமல் நின்றிருக்கிறார், அப்போது ஒன்றும் தெரியவில்லை. ராத்திரி ஒரு மணிக்குக் கண்ணுக்குள் மணலைக் கொட்டின மாதிரி துடித்து எழுந்தார். வெல்டிங் வெளிச்சம் கருவிழியின் மேல்தோலைச் சுட்டுவிடும், வலி வர ஆறு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகும். ஓரிரு நாளில் ஆறிவிடுவதுதான் வழக்கம், ஆனாலும் டாக்டர் பார்க்க வேண்டும். மரத்துப்போகிற சொட்டு மருந்தை வாங்கி வந்து வீட்டில் விட்டுக்கொண்டே இருந்தால் புண் ஆறவே ஆறாது. கிரைண்டிங்கிலோ, இரும்பால் இரும்பை அடிக்கும்போதோ தெறிக்கிற சிதறல் இன்னும் மோசம். பொடி இரும்பு கண்ணுக்குள்ளேயே புகுந்துவிடும், சில சமயம் வலி அதிகம் இருக்காது, உள்ளே துருப்பிடித்து விழித்திரையைக் கெடுக்கும். அடித்துக்கொண்டிருக்கும்போது "சுருக்"கென்று ஏதோ பட்டது என்று ஒருவர் சொன்னால் எக்ஸ்ரேயோ சிடி ஸ்கேனோ எடுக்காமல் விடாதீர்கள். கண்ணில் ஏதாவது குத்தி நின்றால் பிடுங்கவே கூடாது, கழுவவும் கூடாது. மேலே ஒரு பேப்பர் டம்ளரைக் கவிழ்த்து ஒட்டிவிட்டு அழைத்துப் போங்கள்.

கிரானைட் பாலிஷ் பட்டறையில், குவாரியில், லேத்தில், மாமரத்துக்கு மருந்தடிக்கும்போது பக்கவாட்டும் மூடியிருக்கிற பாதுகாப்புக் கண்ணாடி போட வேண்டும். வெயிலில் தலைக்குத் துண்டோ தொப்பியோ கட்டுங்கள், கண்ணில் சதை வளர்வதற்கு வெயிலும் தூசியும்தான் முக்கியக் காரணம். சாயங்காலம் பைக்கில் ஓசூர் ரோட்டிலோ தொப்பூர் பக்கமோ போகும்போது ஹெல்மெட் கண்ணாடியை இறக்கி விடுங்கள், ஒரு பூச்சி போதும்.

நாற்பது ஆனால்

ஊசியில் நூல் கோக்க முடியாமல் கையை நீட்டி நீட்டிப் பிடித்தால் அது வெள்ளெழுத்து, நோய் இல்லை. கண்ணாடி வாங்கினால் சரி. ஆனால் சந்தையில் தொங்குகிற ரெடிமேட் கண்ணாடியை நேராக வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள், ஏனென்றால் கண்ணாடிக்காக டாக்டரிடம் போகிற அந்த ஒரு நாள்தான் கிளாக்கோமா பிடிபடுகிற நாள். கண் அழுத்தம் பாருங்கள், கண் நரம்பையும் பாருங்கள் என்று வாய்விட்டுக் கேளுங்கள். அழுத்தம் 10 முதல் 21 வரை சாதாரணம் என்பார்கள், ஆனால் அழுத்தம் சரியாக இருந்தும் நரம்பு கெடுகிறவர்கள் உண்டு, அதனால் இரண்டையும் பார்க்க வேண்டும். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ கூடப் பிறந்தவருக்கோ இருந்தால் உங்களுக்கு வர வாய்ப்பு பல மடங்கு அதிகம். அப்பாவுக்குத் தெரிந்த அந்த மாதமே நானும் தம்பியும் போய்ப் பார்த்தோம். எனக்கு ஒன்றும் இல்லை. தம்பிக்கு அழுத்தம் கொஞ்சம் கூடுதல், இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போகிறான்.

கிளாக்கோமா சொட்டு மருந்து சுகர் மாத்திரை மாதிரி, ஆயுசுக்கும் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஊற்றினால் நன்றாகத் தெரியும் என்றில்லை, ஊற்றாவிட்டால் இருப்பதும் போகும். பலன் கண்ணுக்குத் தெரியாததால்தான் நிறையப் பேர் நிறுத்திவிடுகிறார்கள். அப்பா இரவு சாப்பாடு முடிந்து செய்தி ஆரம்பிக்கும்போது விட்டுக்கொள்வார், பாட்டில் டிவிக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

சொட்டு மருந்து விடுகிற முறையையும் சொல்லிவிடுகிறேன். கையைக் கழுவுங்கள், கீழ் இமையை இழுத்தால் ஒரு பை மாதிரி வரும், அதில் ஒரு சொட்டு, ஒன்றே ஒன்று. பாட்டில் நுனி இமையில் படக் கூடாது. கண்ணை மெதுவாக மூடி, மூக்கு ஓர மூலையை விரலால் இரண்டு நிமிஷம் அழுத்திப் பிடித்தால் மருந்து தொண்டைக்கு இறங்காது. இரண்டு மருந்து இருந்தால் நடுவில் ஐந்து நிமிஷம் விடுங்கள். திறந்த பாட்டிலை ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள், அதனால் திறந்த தேதியைப் பாட்டில் மேல் பேனாவால் எழுதுங்கள்.

சுகர் இருக்கிறவர்கள்

சுகர் என்று தெரிந்த அன்றைக்கே கண்ணையும் பார்க்க வேண்டும், அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை. கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது இதில் சேராது. சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரிய வைத்து விழித்திரையைப் பார்க்க வேண்டும். அன்றைக்கு நாலைந்து மணி நேரம் கண் கூசும், கிட்டத்தில் மங்கலாகத் தெரியும், வண்டி ஓட்டக் கூடாது, துணைக்கு ஒருவர் போக வேண்டும். "வேலை கெட்டுப்போகும்" என்று என் மாமியார் மூன்று வருஷம் தள்ளிப்போட்டார், அவரைக் குறை சொல்ல மாட்டேன், துணைக்கு வர ஆளில்லை என்பதுதான் உண்மைக் காரணம். இப்போது அவர் பிறந்தநாள் வருகிற வாரத்தில் நான் ஒரு நாள் லீவு போட்டுவிடுகிறேன்.

சுகர் விழித்திரை ரத்தக்குழாயைக் கசிய வைக்கும், அடைக்கும், புதிதாக நொய்ந்த குழாய்களை வளர வைக்கும். பார்வை மங்குவது கடைசியில்தான். லேசரும் கண்ணுக்குள் போடுகிற ஊசியும் பெரும்பாலும் இருப்பதைக் காப்பாற்றும், போனதை முழுசாகக் கொண்டுவராது. சுகரோடு பிரஷரும் கொழுப்பும் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். வீடு தேடி வந்து மாத்திரை கொடுக்கிற அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ல் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. வீட்டுக்கு மாத்திரை கொண்டு வருகிற அந்த அம்மாவிடமே கண் பரிசோதனைக்கு எங்கே, எந்தக் கிழமை போக வேண்டும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே சுகர் இருக்கிற பெண் கர்ப்பமானால் முதல் மூன்று மாதத்துக்குள் விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும்.

புரை

புரை முத்தட்டும் என்று காத்திருந்தது பழைய காலம். இப்போது அன்றாட வேலைக்கு இடைஞ்சலாக இருந்தாலே எடுத்துவிடலாம். முற்ற விட்டால் ஆப்பரேஷன் கஷ்டமாகும், சிலருக்குக் கண் அழுத்தமும் ஏறிவிடும். ராத்திரி எதிரே வருகிற லாரி வெளிச்சம் சிதறித் தெரிந்தால் அதுவே ஆரம்பமாக இருக்கலாம், வண்டி ஓட்டுகிறவர்கள் இதை விடக் கூடாது. சொட்டு மருந்தாலோ கீரையாலோ புரை கரையாது. ஆப்பரேஷன் அரை மணி நேரத்துக்குள் முடியும், உள்ளே வைக்கிற லென்ஸ் ஆயுசுக்கும் இருக்கும். அரசு ஆஸ்பத்திரியிலும் முகாமிலும் லென்ஸோடு இலவசமாகவே செய்கிறார்கள். விலை ஏறின லென்ஸ் வேண்டுமா என்று தனியாரில் கேட்பார்கள். சாதாரண லென்ஸிலும் பார்வை நன்றாகவே வரும், அதற்காகக் கடன் வாங்காதீர்கள்.

ஆப்பரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு டாக்டர் சொல்கிற நாள் வரை தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, விறகடுப்புப் புகையில் உட்காரக் கூடாது, கண்ணைக் கசக்கக் கூடாது, நாலு முதல் ஆறு வாரம் சொட்டு மருந்து தவறக் கூடாது. பார்வை குறைந்தாலோ, வலியோ சிவப்போ கூடினாலோ மறுநாள் செக்கப் வரை பொறுக்காமல் அன்றைக்கே போங்கள்.

மெட்ராஸ் ஐ, சாப்பாடு

கண் வலி வந்தவரைப் பார்த்தால் ஒட்டாது, தொட்ட துண்டு, தலையணை, கை மூலமாகத்தான் ஒட்டும். தனித் துண்டு, அடிக்கடி கை கழுவுவது, ஒருவர் சொட்டு மருந்தை இன்னொருவர் கண்ணில் ஊற்றாமல் இருப்பது, இவ்வளவுதான் வேண்டும், பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானாகப் போகும். வலி கடுமையாக இருந்தாலோ பார்வை மங்கினாலோ அது வெறும் கண் வலி இல்லை. சாப்பாட்டில் முருங்கைக்கீரை, பப்பாளி, மாம்பழம், முட்டை போதும், கீரையில் கொஞ்சம் எண்ணெய் இருந்தால் சத்து நன்றாகச் சேரும். களிக்கு முருங்கைக்கீரைக் குழம்பு வைக்கிற வீடு ஏற்கெனவே சரியாகச் சாப்பிடுகிறது. எதைச் சாப்பிட்டாலும் போட்ட கண்ணாடி கழன்றுவிடாது.

அன்றைக்கே ஓட வேண்டியவை

திடீரென்று ஒரு கண்ணில் பார்வை போவது. கண்ணுக்குள் மின்னல் வெட்டுவது, கரும்புள்ளிகள் கூட்டமாகப் பறப்பது, ஓரத்திலிருந்து திரை இறங்குவது, இது விழித்திரை கழன்றுகொள்வதாக இருக்கலாம். கண் சிவந்து, தாங்க முடியாத தலைவலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம், இதைப் பித்தம் என்று சுக்குக் கஷாயம் கொடுத்துப் படுக்க வைத்துவிடுவார்கள். திடீரென்று ஏறிய கண் அழுத்தம் ஒரே நாளில் கண்ணைக் கெடுத்துவிடும். பார்வை போவதோடு வாய் கோணினாலோ கை விழுந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள், அது பக்கவாதம்.

எங்கே போவது

முதலில் உங்கள் வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தில் கண் மருத்துவ உதவியாளர் எந்தக் கிழமை இருப்பார் என்று கேளுங்கள். பவர் பார்ப்பது, புரை இருக்கிறதா என்று பார்ப்பது அங்கேயே முடியும். அடுத்து தர்மபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள். விழித்திரை ஆப்பரேஷன், குறைமாதக் குழந்தைக்கு லேசர் போன்றவற்றுக்குத் தர்மபுரிக்காரர்கள் சேலத்துக்கும் ஓசூர்ப் பக்கத்துக்காரர்கள் பெங்களூருக்கும் போகிறார்கள். தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை செல்லுமா என்பதைப் புறப்படுவதற்கு முன்னாலேயே போன் செய்து கேளுங்கள், 104-லும் விசாரிக்கலாம். போகும்போது பழைய சீட்டுகள், இப்போது விடுகிற சொட்டு மருந்துப் பாட்டில், போட்டுக்கொண்டிருக்கிற கண்ணாடி, நம் நோட்டு, நான்கையும் எடுத்துப் போங்கள்.

நோட்டின் கடைசிப் பக்கம்

அதில் கண் தானத்துக்கான கண் வங்கி எண்ணை எழுதி வையுங்கள். முன்பே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும் என்றில்லை, இறந்த பிறகு குடும்பத்தார் சம்மதித்தால் போதும். வயது தடையில்லை, கண்ணாடி போட்டவர், சுகர்காரர், புரை ஆப்பரேஷன் செய்தவர் எல்லோரும் கொடுக்கலாம். 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்பதால் அழுகைக்கு நடுவில் யாராவது ஒருவர் உடனே போன் செய்தாக வேண்டும், அது யார் என்று இப்போதே பேசி வையுங்கள். அவர்கள் வரும்வரை இமையை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைத்து, தலைக்கு ஒரு தலையணை கொடுத்து, மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். அரை மணி நேர வேலை, முகம் மாறாது. எடுக்கிறது கருவிழிக்காகத்தான். கரும்புச் சோகை கீறிக் கருவிழி வெள்ளையாகிப்போன எங்கள் பக்கத்துக் காட்டுக்காரர் அப்படி ஒரு கருவிழிக்காகத்தான் பெயர் கொடுத்துக் காத்திருக்கிறார். அப்பா தன் பக்கத்துக்கு அடியில் பென்சிலால் "என் கண்ணு குடுக்கோணும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நரம்புதான் கெட்டிருக்கிறது, கருவிழி இரண்டும் நன்றாகவே இருக்கிறது என்று டாக்டர் அவரிடம் சொல்லியிருக்கிறார்.